கபுகிச்சோவில் கூப்பிடுகிறவர் பின்னால் போக வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோக்கியோவின் ஷிஞ்ஜுகு வட்டாரத்தில் பார்கள் நிறைந்த கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த இரவு உலா கட்டுரையைப் படித்தேன். டோஹோ கட்டடத்தின் மேலிருந்து எட்டிப் பார்க்கும் காட்ஸில்லா தலை, நியான் பலகைகள் என்று படங்கள் அருமை. ஆனால் தெருவில் நிற்கும் இளைஞர்களிடம் கேட்டால் நல்ல கடைக்கு அழைத்துப் போவார்கள் என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் பகீரென்றது.

அவர்கள் வழிகாட்டிகள் அல்ல, கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள். ஷிஞ்ஜுகு வட்டாரத்தில் இதற்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. அவர்களை நம்பிப் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேயே நின்று இவர்களும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்!

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், ஊரிலிருந்து வந்த நண்பர்களுடன் இப்படி ஒருவன் பின்னால் லிஃப்ட் ஏறினார். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு குடித்தாலும் 3,000 யென் என்பது பேச்சு. பில் வந்தபோது இருக்கைக்குத் தனி, ஐஸுக்குத் தனி, பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் குடித்ததற்குத் தனி. எண்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. கையில் அவ்வளவு இல்லை என்றதும் ஏடிஎம் வரைக்கும் ஒருவன் கூடவே வந்தான். இப்படி மாட்டிக்கொண்டால் ஏடிஎம் பக்கமே போகக் கூடாது. போலீஸ் எண் 110-ஐ அழைக்கலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் கோபனுக்கு, அதாவது காவல் சாவடிக்கு, நடக்கலாம். செர்ரிப் பூ பார்க்கக் குழுக்கள் கிளம்புவதற்குள் அந்த வரியையாவது திருத்தி வெளியிடுங்கள்.

அதற்காக அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் நான் தனியாகவே அங்கே நடந்திருக்கிறேன். கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல், முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தால் ஒரு வம்பும் இல்லை.

ஏமாற்றே இல்லாத இடத்தில் நம்மவர்கள் சண்டை பிடிப்பதும் உண்டு. இஸகாயாவில், அதாவது ஜப்பானிய மதுக்கடையில், உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒதோஷி என்பார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். அது இருக்கைக்கான காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு அதில் ஒரு சங்கடம்: கீரையாகவே இருந்தாலும் மேலே மீன் சீவல் தூவியிருக்கலாம். தொடாமல் தள்ளி வைத்தாலும் காசு காசுதான்.

கோல்டன் காய் என்ற சந்துப் பகுதிக்குக் கட்டுரையில் இரண்டே வரி. எனக்கு அந்த வட்டாரத்தில் பிடித்த இடமே அதுதான். ஹனஸோனோ கோயிலை ஒட்டி ஆறு சந்துகள், அவற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குட்டி பார்கள். மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். கதவைத் திறந்தால் எதிரே ஏழெட்டு ஸ்டூல், அதற்குப் பின்னால் பாட்டில் சுவர். கடைக்கார அம்மா ஒரு விரல், இரண்டு விரல் காட்டி எத்தனை பேர் என்று கேட்பார். பத்துப் பேராகப் போய் நின்றால் பாவம், அவர் என்ன செய்வார்? இருக்கைக் கட்டணத்தைப் பல கடைகளில் கதவிலேயே எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு நுழையுங்கள். குடிக்காதவர்களுக்கும் அது உண்டு. நான் ஊலாங் தேநீர்தான் கேட்பேன், யாரும் ஒரு மாதிரி பார்த்ததில்லை. சந்துக்குள் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இன்னொரு திருத்தம். கபுகிச்சோவில் கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்துக்குப் பழைய அரங்கு ஒன்று இருந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். போருக்குப் பிறகு ஒன்று கட்டத் திட்டமிட்டு, அதை நம்பி 1948-இல் அந்தப் பகுதிக்கு இந்தப் பெயரும் வைத்தார்கள். அந்த அரங்கு வரவேயில்லை. கபுகி பார்க்க டோக்கியோவிலேயே கின்ஸா பக்கம் உள்ள கபுகிஸா அரங்குக்குப் போக வேண்டும்.

அப்புறம் ரயில். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடைசி வண்டி போய்விடும், அடுத்தது காலை நாலரை மணிவாக்கில்தான். டாக்சியில் இரவு 10 முதல் காலை 5 வரை இருபது சதவீதம் கூடுதல். ஷிஞ்ஜுகுவிலிருந்து எங்கள் நிஷி கசாய் வரை வர நல்ல காசு ஆகிவிடும். டிப்ஸ் மட்டும் தர வேண்டாம், கொடுத்தாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிஷி கசாய், டோக்கியோ.