தலைமன்னார் அண்ணனுக்கு

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் என் பாட்டியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அப்புறம் கூடலூரில் மறுபடியும் தேயிலை. அந்தப் பாதையைப் படமாக்கப் போன மாதம் பழைய இறங்குதுறையில் நின்றேன். மைக்கில் காற்றின் இரைச்சல்தான், வேறொன்றும் தேறவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எழுந்துவந்து, தோளில் கிடந்த துண்டை மைக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "இப்ப எடுங்கோ தம்பி." அரை மணி நேரம் காற்றுக்கு முதுகைக் கொடுத்து மறைப்பாக நின்றார். (ஒரு ஷாட்டில் அவர் நிழல் விழுந்திருக்கிறது, வெட்டப்போவதில்லை.) காசு நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. பேர் கேட்காமல் வந்தது என் மடத்தனம். அவசரத்தில் துண்டையும் கொண்டுவந்துவிட்டேன். மீன் வாசனை இன்னும் போகவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.