கொலோனில் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

"அப்பா, ரோம் சரித்திரம் படிக்கணும், எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் குரலே இல்லை. வாட்ஸாப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும். கேட்டதற்குப் பதிலாவது எழுதிவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

ரோமின் சரிவை எழுதிய கிப்பன் இருக்கிறாரே, தாத்தாவின் அந்த செட்டை மட்டும் ஆரம்பத்தில் தொடாதே. 1776இல் முதல் தொகுதி வந்தது, மொத்தம் ஆறு. நடை ராஜநடைதான். ஆனால் அது ரோம் செழிப்பாக இருந்த இரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி, 1453இல் கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த பிறகுதான் ஓய்கிறது. வளர்ந்த கதை தெரியாமல் சரிந்த கதையைப் படித்து என்ன செய்வது? மேரி பியர்டு எழுதிய 'எஸ்பிக்யூஆர்' வாங்கு, 2015இல் வந்தது. கி.மு. 63இல் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த கேட்டிலைனின் சதியை, பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ செனட் சபையில் போட்டு உடைக்கும் இடத்தில் தொடங்குகிறார். சிசரோ சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே என்று அங்கேயே காதைத் திருகுகிறார். எனக்கு அது பிடித்தது.

அடுத்து லிவி, பழைய ரோமானிய வரலாற்றாசிரியர். 142 புத்தகம் எழுதினார், நம் கைக்கு வந்தது 35. நீ முழுவதும் படிக்க வேண்டாம். 21 முதல் 30 வரை போதும். கார்த்தேஜ் தளபதி ஹானிபல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டுவது, கி.மு. 216இல் கன்னேயில் ரோமானியப் படையை வளைத்து அழிப்பது எல்லாம் அதில்தான். அத்தனை யானையில் எத்தனை பிழைத்தது என்று கேட்டு வாத்தியாரையே திணறடித்தவள் நீ. அந்தப் பெண்ணா இன்று ஒரு வரி எழுத நேரமில்லை என்கிறாள்?

இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அவருடைய 'அன்னல்ஸ்' (ஆண்டுக் குறிப்புகள்) உனக்கு வீட்டுப் புத்தகம் மாதிரி. நீ இருக்கும் ஊரில்தான் பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா பிறந்தாள். கி.பி. 50இல் அந்த ஊரை ரோமானியக் குடியேற்றமாக உயர்த்த வைத்ததும் அவள்தான். ஒன்பது வருஷம் கழித்து, பெற்ற மகன் நீரோவே அவளைக் கொல்ல, உடைந்து விழுகிற மாதிரி ஒரு படகு செய்ய வைத்தான். அவள் நீந்தித் தப்பிவிட்டாள். பிறகு ஆள் அனுப்பிக் கொன்றான். அந்தப் பக்கங்களைப் பகலில் படி. பேரரசன் கலிகுலா பற்றி டாசிட்டஸ் எழுதியது தொலைந்துபோய்விட்டது. அதற்கு சூட்டோனியஸ் இருக்கிறார், ராபர்ட் கிரேவ்ஸ் மொழிபெயர்ப்பில். வம்பு அளப்பதில் மன்னன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதை எடு. தூக்கம் வருகிறதா உனக்கு?

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும் விட சிசரோவின் கடிதங்கள்தான். ஷாக்கில்டன் பெய்லி மொழிபெயர்ப்பு பார்த்து வாங்கு. மனைவி டெரென்ஷியாவுக்கு எழுதியதை வரிசையாகப் படி. கி.மு. 58இல் நாடு கடத்தப்பட்டபோது "என் ஒளியே" என்று அழுகிறார். கி.மு. 47இல், ஊருக்கு வருகிறேன், குளியலறையில் தொட்டி இல்லையென்றால் வைக்கச் சொல் என்று சில வரி. அடுத்த வருஷம் விவாகரத்து. நடுவில் என்ன ஆயிற்று என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வருவதுதான் தெரிகிறது.

மகள் டுல்லியா விஷயம் இன்னும் மோசம். அவளுடைய மூன்றாவது கணவன் டொலபெல்லா ஒழுங்கில்லை என்று அவருக்குத் தெரியும். கி.மு. 47இல் அவள் அப்பாவைப் பார்க்க பிரண்டிசியம் துறைமுகம் வரை வருகிறாள். அப்போதும் இவர் கணக்குப் போடுகிறார். டொலபெல்லா, அப்போது ரோமை ஆட்டிவைத்த சீசரின் ஆள், உறவை முறித்தால் சீசர் என்ன நினைப்பாரோ என்று. வரதட்சணையின் இரண்டாம் தவணையைக் கொடுத்த நேரத்தில் கண் குருடாகிவிட்டது என்று நண்பர் அட்டிகஸிடம் புலம்புகிறார். ஒருவழியாகப் பிரிந்தார்கள். கி.மு. 45 பிப்ரவரியில், பிள்ளை பெற்ற சில வாரத்தில் அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் அட்டிகஸுக்கு எழுதியதை நான் ஒரே மூச்சில் படித்ததில்லை.

நம் வீட்டில் சீசர் யாரும் கிடையாது, கயல். பெரியப்பா பேசுவார், பேசட்டும், அவர் எதற்குத்தான் பேசவில்லை? நான் எதையும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் சரி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், சொல்லும்படி இருந்தால். சரியாகச் சாப்பிடு. புத்தகங்களுக்கு நான் பணம் போட்டிருக்கிறேன். மிச்சம் இருக்கும், அது டிக்கெட்டுக்கு ஆகும். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று மட்டும் எழுது, கட்டைவிரல் வேண்டாம்.

அப்பா