பருத்திமார் கொடுத்த ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கோவில்பட்டி மக்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து போனவர்களுக்கும் வணக்கம்.

புரட்டாசி முதல் சனி, ஞாயிறில் நம் ஊரில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய இலக்கியத் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தாயிற்று, பேனரைக் கழற்றி மடித்தாயிற்று. நன்றியுரையை மேடையிலேயே சொன்னேன்தான். ஆனால் அப்போது மணி பத்தரை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், நானும் அவசரத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். அதனால்தான் இந்த மடல். "பேர் போட்டீங்கன்னா அடுத்த வருஷம் வரமாட்டேன்" என்று இரண்டு பேர் மிரட்டியிருப்பதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, முன்பணம் கொடுத்து வைத்திருந்த அரங்கத்தில் கைவிரித்துவிட்டார்கள். காரணம் கேட்டோம், சரியான பதில் இல்லை. சரி, அது போகட்டும். அன்று ராத்திரியே ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் சாவியை எடுத்து நீட்டினார். "புரட்டாசியில எவன் கல்யாணம் வைக்கான், சும்மாதான கெடக்கு" என்றார். கரண்ட் பில்லுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். பந்தல்கார அண்ணாச்சி பக்கத்துக் காலி மனையில் கூத்துக்கு மேடை போட்டுத் தந்துவிட்டு, கூலியைத் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார். இந்த இரண்டு பேரும் இல்லையென்றால் அழைப்பிதழ் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது அந்த மழை. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். சனிக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டோம். பகல் முழுக்க அனல். ஏழு மணிக்கு, கோயில் கொடைகளில் கதை பாடி ஆடும் கணியான் கூத்துக்காரர்கள் மேடையேறப் போகும்போது கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஆட்களுக்கு ஒதுங்க இடம் இருந்தது. அவர்கள் கையால் அடிக்கும் தோல் பறைகளான மகுடங்கள் நனைந்துவிட்டன. கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், சாக்கைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. "தோலு எறங்கிருச்சு தம்பி, தீ வேணும்" என்றார். பந்தியில் இருந்த கேஸ் அடுப்பைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எதிர்வீட்டு ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்க வேண்டும். வெந்நீர் போட வைத்திருந்த பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகளை, ஒரு கட்டாக அப்படியே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். காய்ந்த மார் சடசடவென்று பிடித்துக்கொண்டது. தீயைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மகுடத்தைச் சுழற்றிச் சுழற்றி வாட்டிக்கொண்டே, இது உச்ச மகுடம், இது மந்த மகுடம் என்று இரண்டையும் வெறுங்கையால் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார் அண்ணாவி. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடைசியில் கணீரென்று விழுந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கூத்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் தோல் விறைத்துக் குரல் திரும்புவதை இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டதில்லை. அப்புறம் நடந்த கூத்தும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கென்னவோ தீயைச் சுற்றி நடந்ததுதான் அன்றைய முதல் நிகழ்ச்சி.

ஞாயிறு காலை எழுத்தாளர்கள் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி பற்றிய அமர்வு. இருவருக்கும் ஊர் இடைசெவல், இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அழகிரிசாமி எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போய், 1970-இல் ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் மறைந்தவர். அதே ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் இறந்த பிறகு வந்தது. கி.ரா.வுக்கு அதே விருது 1991-இல். அவர் 2021 வரை இருந்தார், புதுச்சேரியில் மறைந்தவரை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தோம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அழகிரிசாமி தன் நண்பர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து இரண்டு கல்லூரி மாணவிகள் மாறி மாறி வாசித்தபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். நடுவில் மைக் நின்றுபோனது. அவர்கள் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தி வாசித்தார்கள். தங்கச்சிகளா, பெரிய நன்றி.

மதியம் பேசிய நாவலாசிரியருக்கும் நன்றி, முக்கியமாக அவர் பேசாமல் இருந்த பத்து நிமிடத்துக்கு. தீப்பெட்டித் தொழிற்சாலை (எங்கள் பேச்சில் ஆபீஸ்) வாழ்க்கையை எழுதுவது பற்றிப் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். "தீக்குச்சி மருந்து வாடை கையை விட்டுப் போகவே போகாது. சோத்துலயும் அடிக்கும். அதை எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டார். நாவலாசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா, நீங்க சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தனுப்பினார். அந்த அக்கா பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனதிலிருந்து ஆரம்பித்தார். குச்சி அடுக்கும்போது கண் எங்கே இருந்தாலும் விரல் தானாக எண்ணிக்கொள்ளும் என்றார். வீட்டில் அரிசி களையும்போதும் விரல் எண்ணிக்கொண்டே இருக்குமாம். அவரையும் கூட நான்கு பேரையும் லீவு போட வைத்துக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி.

பந்தியைச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். கம்மங்கூழ், மோர்மிளகாய், சீனியவரங்காய் வத்தல் என்று காலையிலேயே வாசலில் பானை வைத்த மதினிமார் மூன்று பேர், இரண்டு நாளும் ஒரு அமர்வைக்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. இது எங்கள் ஏற்பாட்டின் குறைதான். அடுத்த தடவை முறை வைத்துப் பரிமாறுவோம், ஆண்களும் கரண்டி பிடிக்கட்டும். பொன்னாடைக்குப் பதிலாக எல்லா விருந்தினருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தோம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், சால்வையைவிட மரியாதை குறைந்ததில்லை. மிட்டாய் முழுவதையும் தந்த கடைக்காரர் காசு கேட்கவில்லை, தன் கடைப் பெயரைச் சொல்லச் சொல்லவும் இல்லை.

மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. தேவராட்டம் என்ற நாட்டுப்புற ஆட்டத்தை ஆட வந்த குழுவின் பெயர் அழைப்பிதழில் விடுபட்டுவிட்டது. அச்சுக்குக் கொடுக்கும்முன் சரிபார்த்தவன் நான்தான். அவர்கள் கோபித்துக்கொள்ளாமல் வந்து, தேவதுந்துபி மேளம் முழங்க ஆடிவிட்டுப் போனது அவர்கள் பெரிய மனது. வரவேற்புரை நாற்பது நிமிடம் ஓடியதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, ஆனால் தடுத்திருக்கலாம். முன்வரிசையில் கொட்டாவி விட்டவர்கள் பக்கம்தான் நானும்.

செலவில் கொஞ்சம் துண்டு விழுந்திருக்கிறது. கணக்கு நோட்டு டீக்கடை அண்ணாச்சியிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். டீ பாக்கியும் அதில்தான் எழுதியிருக்கிறது.

மண்டபத்தில் கிடந்த இரண்டு குடை, ஒரு தூக்குவாளி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஆகியவையும் அங்கேதான். உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

ஆச்சியிடம் மாருக்குக் காசு கொடுக்கப் போனேன். "போடா, மகுடம் சத்தம் கேட்டுச்சுல்ல" என்று விரட்டிவிட்டார். சித்திரையில் எங்கள் புஞ்சையில் மார் பிடுங்கும்போது ஒரு கட்டு கொண்டுவந்து போடுகிறேன் என்று சொன்னேன். "ரெண்டு கட்டாப் போடு" என்றார்.

அன்புடன்,
வாசகர் வட்டத்துக்காக,
கோவில்பட்டி