எழுத்து ஹீப்ரு, மொழி அரபி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவருடைய 'குழம்பியோர்க்கு வழிகாட்டி' ஹீப்ரு மொழியில் எழுதப்பட்டது என்று இருந்தது. தவறு. 1190 வாக்கில் எகிப்தில் இருந்தபடி அவர் அதை அரபியில்தான் எழுதினார். எழுத்து மட்டும் ஹீப்ரு. நூலின் பெயரே 'தலாலத் அல் ஹாயிரீன்'. சாமுவேல் இப்னு திப்பன் அதை ஹீப்ருவில் மொழிபெயர்த்து முடித்தது 1204இல், மைமோனிடிஸ் இறந்த அதே ஆண்டு. மூலமே ஹீப்ரு என்றால் அந்த மனிதர் எதற்கு மெனக்கெட்டார்?

என் உம்மாவின் உம்மா காயல்பட்டினத்துக்காரர். தாராவிக்கு வந்தபோது 'மாலை' என்ற புகழ்ப்பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். பார்த்தால் அரபி, அவர் வாசித்தால் தமிழ். அரபுத் தமிழ் என்பார்கள். ட, ண, ழ எல்லாம் அரபியில் கிடையாது, அதனால் இருக்கிற எழுத்தில் புள்ளியைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். ஹீப்ருவில் இல்லாத அரபி ஒலிகளுக்கு யூதர்கள் செய்ததும் இதே வேலைதான். அந்தப் புத்தகத்தைப் பார்த்த என் பள்ளித் தோழன் "இது அரபிதான்" என்று அடித்துச் சொன்னான். பத்து வயதுப் பையன், சரி, விட்டுவிடலாம்.

மொழி மாறிப்போனதில் கட்டுரையிலிருந்து பாதிக் கதை விழுந்துவிட்டது. அரிஸ்டாட்டில் மைமோனிடிஸுக்குக் கிடைத்ததே அரபி வழியாக. 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் படித்து வளர்ந்தவர் ஃபாராபி என்ற முஸ்லிம் தத்துவ அறிஞர். தர்க்கம் படிப்பதென்றால் ஃபாராபியைத் தவிர வேறு நூல் வேண்டாம் என்று இப்னு திப்பனுக்கு மைமோனிடிஸே கடிதம் எழுதினார். அதற்காக அரிஸ்டாட்டில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் அல்ல. உலகம் என்றும் இருந்தது என்பதை அரிஸ்டாட்டில் நிரூபிக்கவில்லை என்று விடாமல் வாதாடினார்.

மைமோனிடிஸின் தம்பி தாவீது வியாபாரத்துக்குப் போனபோது இந்தியக் கடலில் மூழ்கியதைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள். அப்புறம், இதே பம்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பாக்தாதி யூதர்கள் ஹீப்ரு எழுத்தில் அரபியை அச்சடித்திருக்கிறார்கள். மும்பைப் பதிப்பில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுங்கள். நூலின் அரபிப் பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
தாராவி வாசகர் ஒருவர்,
மும்பை