செயற்கைக்காலுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செயற்கைக் கைகால்கள் தயாராவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயற்கை உறுப்புகளும் பிரேஸ், காலிப்பர் போன்ற தாங்கு கருவிகளும் பொருத்தும் துறையில் பணிபுரிகிறேன். இயந்திரத்தைப் பற்றிக் கட்டுரை சொன்னவற்றில் பெரும்பகுதி சரிதான். ஆனால், ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டால் கால் தயார், இனி நிபுணர் ஒருவர் தேவையில்லை என்று வாசகர்கள் எண்ணும்படி அது முடிந்திருந்தது. அதை மறுக்கவே இந்தக் கடிதம்.

ஸ்கேனர் எங்களுக்குப் பகையல்ல. சாக்கெட்டை, அதாவது எஞ்சிய காலை உள்ளே நுழைத்து அணியும் கிண்ணம் போன்ற பகுதியை, கணினியில் வடிவமைப்பது 1980-களிலேயே தொடங்கிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பதைவிடச் சுத்தமானது, விரைவானது, பழைய அளவுகளைச் சேமித்து வைக்க உதவுவது. எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் ஸ்கேனர் தருவது தோலின் வெளிப்புற வடிவம் மட்டுமே. அதன் கீழே எங்கே எலும்பு, எங்கே சதை, எந்த இடம் அழுத்தினால் தாங்கும், எங்கே தொட்டாலே நரம்பு சுண்டி இழுக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைக் கையால் தொட்டு, அழுத்தி, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். கணைக்கால் பெரிய எலும்பின் மேல்முனையில் உட்பக்கச் சரிவும் தாங்கும். வெளிப்பக்கமுள்ள சிறிய எலும்பின் தலையோ, முன்பக்க எலும்பின் கூரான விளிம்போ, ஸ்டம்ப் எனப்படும் எஞ்சிய காலின் நுனியோ தாங்காது. 1950-களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவான சாக்கெட் முறையே இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது. அச்சில் வார்த்தெடுத்த மாதிரியில், எடை தாங்க வேண்டிய இடத்தில் மாவைச் செதுக்கி எடுப்போம்; வலிக்கும் இடத்தில் மாவைச் சேர்ப்போம். கணினித் திரையில் செய்தாலும் வேலை அதுவேதான். எடுத்த வடிவத்தை அப்படியே அச்சிட்டால் கிடைப்பது காலின் பிரதி. அதில் ஏறி நின்றால் எடை முழுவதும் எலும்பு முனைகளில் இறங்கும். சில மில்லிமீட்டர் பிசகு, சில நாட்களில் புண்ணாகிவிடும்.

அந்தப் புண் வலித்தாலாவது அவர் திரும்பி வருவார். கால் அகற்றப்பட்டவர்களில் கணிசமானோர் நீண்டகால நீரிழிவு உள்ளவர்கள், உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். சாக்கெட் கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். உள்ளே சதை அழுகும். மீதமுள்ள மற்றக் காலும் இதே நோயின் பிடியில்தான் இருக்கிறது. அதனால் பொருத்துவதற்கு முன் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதிப்பதும், சில நிமிடம் நடக்கவிட்டுக் கழற்றித் தோலின் சிவப்பு எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்ப்பதும் எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. இவற்றை அஞ்சலில் அனுப்ப வழியில்லை.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சாக்கெட், மூட்டு, பாதம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று சரியான கோணத்திலும் இடத்திலும் அமைப்பது. முழங்காலுக்கு மேலே பொருத்தும் காலில், செயற்கை மூட்டின் மையம், உடல் எடை இறங்கும் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் நிற்கும்போது உறுதியாக இருக்கும். முன்னால் வந்துவிட்டால் எதிர்பாராத நேரத்தில் மடங்கி ஆளைத் தள்ளிவிடும். அதிகம் பின்னுக்குப் போனால் அடியெடுக்க மடக்கவே சிரமம். இடுப்பு மூட்டு இறுகிப்போனவருக்கு அந்த இறுக்கத்துக்கு ஏற்பச் சாக்கெட்டைச் சாய்த்து வைக்காவிட்டால், நடப்பதற்காக அவர் முதுகை வளைப்பார். ஆண்டுகள் கழித்து முதுகுவலிக்கு வேறு மருத்துவரிடம் போவார். காலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யார் நினைவிலும் இருக்காது. இதையெல்லாம் முதலில் மேசைமேல், பிறகு நிற்கவைத்து, பிறகு நடக்கவைத்து மூன்று முறை சரிசெய்கிறோம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்று அவர் நடையைப் பார்க்கும் அந்த நேரம்தான் ஒரு நல்ல காலின் விலையில் பெரிய பங்கு.

வலிமைச் சோதனையைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. காலின் பாகங்களுக்கு ஐஎஸ்ஓ 10328 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. 60, 80, 100 கிலோ எடையுள்ளவர்களுக்கு என்று சுமை நிலைகள் வகுத்து, 30 லட்சம் முறை மாறிமாறிச் சுமை ஏற்றிச் சோதிக்கச் சொல்கிறது. அச்சிட்ட பொருளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அடுக்கடுக்காகப் படிந்து உருவாவதால் அடுக்குகளுக்கு இடையேதான் அது பலவீனமாக இருக்கும். எந்தத் திசையில் அச்சிட்டார்கள் என்பதைப் பொறுத்து அதே வடிவம் தாங்கவும் செய்யும், பிளக்கவும் செய்யும். சாலையைக் கடக்கும் நடுவில் கால் முறிந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். கணினிக் கோப்பினை வடிவமைத்தவரா, அச்சிட்டவரா, அனுப்பியவரா? கட்டுரையில் அந்த ஒருவர் யாரென்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் படங்களில் சிரித்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். 25 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, குழந்தைகளில், உடல் அசைவால் கம்பியை இழுத்து இயக்கும் கையைக் கைவிட்டவர்கள் சராசரியாக 45 விழுக்காடு, மின்சாரத்தால் இயங்கும் கையைக் கைவிட்டவர்கள் 35 விழுக்காடு. இவை மருத்துவமனைகளில் முறையாகப் பொருத்திய கைகள். பயிற்சியும் தொடர் கவனிப்பும் இல்லாமல் கொடுத்த கைகள் அலமாரிக்குப் போவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை வளர்கிறது, வாங்கிய கை வளர்வதில்லை. இதில் என்னை அதிகம் வருத்துவது, கை பயன்படாதபோது அந்தக் குழந்தையின் பெற்றோர், எங்கள் பிள்ளைக்குத்தான் பழகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வது.

தாங்கு கருவிகளிலும் கதை இதுவே. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் வளரிளம் பருவத்தினருக்கு பிரேஸ் பயன்படுகிறதா என்று 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வு தெளிவாகக் காட்டியது: பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடவில்லை. பிரேஸுக்குள் வைத்த உணரி மூலம் அணிந்த நேரத்தையும் கணக்கிட்டார்கள். ஒரு நாளில் சராசரியாக 13 மணி நேரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ அணிந்தவர்களிடம் வெற்றி 90 விழுக்காட்டைத் தாண்டியது. அதாவது, பள்ளிக்கூட வயதுப் பிள்ளை ஒருத்தி உடையின் கீழே அதைப் பொறுத்துக்கொண்டு அணிய வேண்டும். எங்கே உறுத்துகிறது என்று கேட்டு மாற்றித் தருபவரும், ஏன் அணிய வேண்டும் என்று அவளிடமே பேசுபவரும் இல்லாமல் அது நடக்காது. பிறவியில் பாதம் உள்வளைந்த குழந்தைகளுக்கும் அப்படித்தான்; மாவுக்கட்டால் பாதம் நேரானபின் முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கைந்து வயதுவரை தூங்கும்போதும் பிரேஸ் அணிய வேண்டும். மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணம் பிரேஸை நிறுத்துவதுதான்.

நான் சொல்பவை புதிய கோரிக்கைகள் அல்ல. உலக சுகாதார நிறுவனமும், 1970-இல் தொடங்கப்பட்ட ஐஎஸ்பிஓ என்ற பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2017-இல் இத்துறைக்கான 60 தர நெறிகளை வெளியிட்டன. கொள்கை, பொருட்கள், பணியாளர்கள், சேவை வழங்கல் என்ற நான்கு தலைப்புகளில் அவை உள்ளன. கருவி என்பது சேவையின் ஒரு பகுதி மட்டுமே என்பதே அவற்றின் அடிப்படை: மதிப்பீடு, செய்தல், பொருத்துதல், பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல், பிறகு தொடர்ந்து பார்த்தல். ஸ்டம்ப் முதல் ஓராண்டுக்கு, சிலருக்கு அதற்கும் மேல், சுருங்கிக்கொண்டே போகும். முதல் மாதம் பொருந்தியது ஆறாம் மாதம் தளர்ந்துவிடும். ஸ்டம்பின் மேல் எத்தனை துணியுறை அணிந்தால் சரியாகும், எப்போது புதிய சாக்கெட் தேவை என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அந்தக் கால் அவருடன் நடக்கும்.

எங்கள் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. சாக்கெட் பொருந்தாமலேயே விலையுயர்ந்த கணினி முழங்காலைப் பொருத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அளவெடுத்த குறிப்பும் நடைச் சோதனை முடிவும் எங்கும் எழுதி வைக்கப்படாத பணிமனைகள் இருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று பொருத்துவதற்கு முன்னும் பின்னும் குறித்து வைப்பதற்குச் செலவே கிடையாது. அதைக்கூடச் செய்யாமல் எங்கள் கால் சிறந்தது என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அச்சு இயந்திரக்காரரிடம் நான் கேட்பதை எங்கள் துறையிடமும் கேட்கிறேன்.

உலகில் உதவிக் கருவி தேவைப்படுவோரில் பத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கூறியிருந்தது. அந்த ஒன்பது பேரைச் சென்றடைய அச்சு இயந்திரம் உதவுமானால் மகிழ்ச்சிதான். பயிற்சி பெற்ற ஒருவர் அதை இயக்கட்டும், தன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடட்டும். அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை வெளியிடும்போது, கால் வாங்கிய அன்று படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வாங்கி ஓராண்டு கடந்தவர்களைத் தேடிப் பிடித்து, இப்போதும் அணிகிறீர்களா, யார் சரிசெய்து தருகிறார்கள் என்று கேட்டு எழுதும்படி தங்கள் செய்தியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயற்கை உறுப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்