வெயிலில் கறுக்கும் கண்ணாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் காலை நடையை விடவில்லை.

சரி, நீ கோபமாக எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். வெயிலில் தானாகக் கறுக்கும் என்று சொல்லி விற்ற மூக்குக் கண்ணாடி, கார் ஓட்டும்போது கறுக்கவே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறாய். அவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது வாஸ்தவம். ஆனால் லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. அதைக் கறுக்க வைப்பது நம் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் அல்ல, அதோடு சேர்ந்து வரும் புறஊதாக் கதிர். காரின் முன்கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். அடிபட்டால் சில்லுகள் சிதறாமல் இருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் படலமும் கண்ணாடியும் சேர்ந்து புறஊதாக் கதிரை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடுகின்றன. உனக்குக் கண் கூசும், ஆனால் லென்ஸைப் பொறுத்தவரை அங்கே வெயிலே இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் இதைச் செய்து பார். சின்னக் காகிதத் துண்டு ஒன்றை லென்ஸின் மேல் ஒட்டி, வெளியே போய் ஒரு நிமிடம் வெயிலில் பிடி. உள்ளே வந்து காகிதத்தை எடுத்துவிட்டு, லென்ஸை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார். காகிதம் இருந்த இடம் மட்டும் கத்தியால் வெட்டியெடுத்த மாதிரி தெளிவாக இருக்கும், சுற்றிலும் சாம்பல் நிறம். பார்த்துக்கொண்டே இரு, அந்தச் சாம்பல் மெல்ல வெளுக்கும். முதலில் கொஞ்சம் வேகமாகப் போகும், கடைசி மிச்சம் போக நேரம் எடுக்கும். கறுக்க ஆன நேரத்தைவிட வெளுக்க ஆகும் நேரம் அதிகம் என்பதையும் கவனிப்பாய்.

உன்னுடையது பிளாஸ்டிக் லென்ஸ், அதன் மேற்பரப்பில் இருப்பது நாப்தோபைரான் வகைச் சாயம். அந்த மூலக்கூறுக்குள் ஒரு கார்பனும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் ஓர் இடம் உண்டு. புறஊதாக் கதிர் பட்டால் அந்தப் பிணைப்பு அறுந்து, மடங்கியிருந்த மூலக்கூறு விசிறி விரிவதுபோல விரிந்து தட்டையாகிவிடும். அப்போது அதன் எலக்ட்ரான்கள் பரவ நீண்ட பாதை கிடைக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது விழுங்க ஆரம்பிக்கிறது. திரும்ப மூடிக்கொள்ள அதற்குச் சூடு போதும், சுற்றியிருக்கும் காற்றின் சூடே போதும்.

உன் இன்னொரு புகாருக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. கொளுத்தும் மதியத்தில் சுமாராகத்தான் கறுக்கிறது, மலை மேல் குளிரில் நின்றபோது நன்றாகக் கறுத்தது, இது என்ன நியாயம் என்று கேட்டிருந்தாய். வெயில் திறந்துகொண்டே இருக்க, சூடு மூடிக்கொண்டே இருக்கிறது. எந்த நொடியிலும் நீ பார்ப்பது இந்த இழுபறியில் எத்தனை மூலக்கூறுகள் திறந்து நிற்கின்றன என்பதைத்தான். குளிரில் மூடும் வேலை மந்தம், அதனால் நல்ல கறுப்பு. எங்கே நிழல் அதிகம் தேவையோ அங்கே குறைவாகத் தருவது இதன் பிறவிக் குணம். புதிய சாயங்களில் இதை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள், ஒழிக்க முடியவில்லை.

இதற்கு முன்பு வந்தது அசல் கண்ணாடி லென்ஸ். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இருவர் உருவாக்கியது. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளி உப்புப் படிகங்கள். பழைய போட்டோ பிலிமில் இருந்ததும் வெள்ளி உப்புதான். ஒளி பட்டால் உப்பிலிருந்து வெள்ளி பிரிந்து கறுக்கும். பிலிமில் அது போனது போனதுதான். கண்ணாடிக்குள்ளோ அந்த உப்பில் வெள்ளியோடு இருந்து பிரிந்த குளோரின் ஓடிப்போக வழி இல்லை, துளியூண்டு சேர்த்த செம்பு மறுபடி சேர்வதற்கு உதவுகிறது. அதனால் பழையபடி தெளிந்துவிடும். எத்தனை வருடமானாலும் சளைக்காது. எனக்கு அதன் மேல் இன்னும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் கனம் மூக்கை அழுத்தும், மைனஸ் பவர் ஜாஸ்தி என்றால் தடித்த ஓரம் கறுத்து நடுப்பகுதி வெளிறித் தெரியும். 1991-இல் டிரான்ஸிஷன்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் லென்ஸ் வந்தபின் அது மெல்ல ஒதுங்கிவிட்டது. பிளாஸ்டிக்கில் சாயம் மேலே மெல்லிய படலமாக இருப்பதால் எல்லா இடமும் ஒரே மாதிரி கறுக்கும். ஆனால் சில வருடங்களில் சாயம் களைத்துவிடும். பவர் மாறி லென்ஸ் மாற்றும் காலமும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

அப்புறம், கட்டப்போகும் வீட்டின் ஜன்னலுக்கும் இதையே போடலாமா என்று கேட்டாயே, வேண்டாம். மூக்குக் கண்ணாடிக்குப் பொறுத்துக்கொள்ளும் குறை எல்லாம் ஜன்னலில் பெரிதாகிவிடும். இருபது வருடம் நிற்க வேண்டிய பொருளுக்குச் சில வருடச் சாயம் போதாது. குளிரில்தான் அதிகம் கறுக்கும், அதாவது உள்ளே வெயில் வரட்டும் என்று நினைக்கும் நேரத்தில் தடுக்கும். அதோடு, விழுங்கிய வெயில் எங்கே போகும்? கண்ணாடியே சூடாகி, அதில் ஒரு பங்கை அறைக்குள் தள்ளும்.

ஜன்னலுக்கு என்று ஆராய்ச்சி போகும் வழிகள் வேறு. வனேடியம் டை ஆக்சைடு பூசினால் சுமார் 68 டிகிரி செல்சியஸில் அது அகச்சிவப்பு வெப்பத்தைத் தடுக்கத் தொடங்கும். கொஞ்சம் டங்ஸ்டன் கலந்து அந்த அளவைக் கீழே இறக்குகிறார்கள். இன்னொன்று டங்ஸ்டன் ஆக்சைடு பூச்சு. ஓரிரு வோல்ட் மின்சாரம் கொடுத்தால் நீலமாகும், திருப்பிக் கொடுத்தால் தெளியும். போயிங் 787 விமானத்தில் ஜன்னல் மறைப்பு கிடையாது, பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே மங்கும். அதுவும் மின்சாரத்தால் நிறம் மாறும் ரகம். எனக்கு மின்சார வகைதான் பிடிக்கும், எப்போது கறுக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் ஒயரிங், கன்ட்ரோல் என்று வேலை கூடும். ஜன்னலுக்கு வெளியே அகலமாக ஒரு சன்ஷேட் வைத்தால், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். அதற்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

கார் ஓட்ட உன் பவரிலேயே தனியாக ஒரு கூலிங் கிளாஸ் போட்டுக்கொள். காருக்குள்ளும் ஓரளவு கறுக்கும் லென்ஸ்கள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றில் வீட்டுக்குள்ளும் லேசான நிறம் நிற்கும். இரவில் ஓட்டுபவன் நீ, உனக்குச் சரிவராது. வீட்டு பிளான் கைக்கு வந்ததும் ஒரு நகல் அனுப்பு. மேற்குச் சுவரில் எத்தனை ஜன்னல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்