ஆந்த்ரேயின் முதுகு

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் மாப்ளே" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதத்தில்தான் உண்மையை எழுதுகிறாய். டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகியும் டாக்டர் பெல்ட்டைக் கழற்ற விடவில்லை, வலது காலில் மரமரப்பு போகவில்லை என்றெல்லாம் படித்தபோது தாங்கிக்கொண்டேன். உன் தங்கச்சி மகன் ஓடி வந்து "மாமா, தூக்கு" என்று கையை நீட்டியதையும், நீ தூக்க முடியாமல் நின்றதையும் எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது. ஆனாலும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை விடமாட்டேன் என்கிறாள். பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு. அவனால்தான் இந்தக் கடிதமே இவ்வளவு நீளமாகப் போகிறது.

2025 ஜூலை 24ஆம் தேதி ரெஸ்லர் ஹல்க் ஹோகன் மாரடைப்பில் இறந்த செய்தி வந்தபோது உனக்கு மெசேஜ் அனுப்பினேன் அல்லவா? அன்றிலிருந்து பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்: "அப்பா, நீங்க சொல்ற அந்த ரெஸில்மேனியாவை ஒரு நாள் போட்டுக் காட்டுங்க." போன சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று மணி நேரமும் பார்த்தோம். ரெஸில்மேனியா 3, அமெரிக்க WWF ரெஸ்லிங்கின் அந்த வருஷத்துப் பெரிய நிகழ்ச்சி. உங்கள் பெரியப்பா துபாயிலிருந்து டெக்கோடு கொண்டு வந்த கேசட்டில் நாம் தேயத் தேயப் பார்த்தது. அப்போது கேசட்டில் பாதி நேரம் கோடு கோடாக ஓடும். இப்போது அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அன்று ஹோகனோடு மோதிய ராட்சதன் ஆந்த்ரேயின் முகத்தை நான் முதல் முறையாகச் சரியாகப் பார்த்தது போன சனிக்கிழமைதான் என்று சொல்வேன்.

1987 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கத்தில் பான்டியாக் என்ற ஊர், சில்வர்டோம் ஸ்டேடியம். அதன் கூரை துணிதானாம். உள்ளே காற்றழுத்தம் கொடுத்தே அவ்வளவு பெரிய கூரையைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஆரம்பத்தில் கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒரு வெள்ளை வெளிச்சம் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? பகல் வெளிச்சம் கூரை வழியே இறங்குகிறது. 93,173 பேர் என்று அன்றைக்கு அறிவித்தார்கள். நீ அந்த எண்ணைக் கணக்கு நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருந்தாய். டேவ் மெல்ட்சர் என்ற ரெஸ்லிங் பத்திரிகையாளர் 78,000தான் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார். இரண்டில் எதுவானாலும் அப்படி ஒரு கூட்டத்தை நாம் அதற்கு முன்னால் டி.வி.யில் பார்த்ததில்லை.

முதலில் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ராண்டி சேவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதுதான் அன்றைய சிறந்த மேட்ச் என்று நீ எட்டாம் வகுப்பிலேயே சொன்னாய். நான் ஹோகன் பைத்தியம், ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தோம். நீ சொன்னதுதான் சரி. பதினைந்து நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. எதிராளியை மல்லாக்க அழுத்தி மூன்று எண்ணும் வரை பிடித்தால் வெற்றி; அதற்குள் ரெஃப்ரி "ஒன்… டூ…" என்று அடித்து நிறுத்தாத நிமிஷமே இல்லை. ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதானே; சேவேஜ் இந்த மேட்ச்சை அடிக்கு அடி தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ய வைத்தார் என்று ஸ்டீம்போட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தோமே, அதே மாதிரி. முந்தின வருஷம் ஸ்டீம்போட்டின் தொண்டையில் அடித்தது போலவே ரிங் மணியை எடுத்துக்கொண்டு சேவேஜ் மேல் கயிறில் ஏறுகிறார். ஸ்டீம்போட்டுக்குத் துணையாக வந்த ஜார்ஜ் ஸ்டீல் கீழேயிருந்து அவரைத் தள்ளிவிடுகிறார். அப்புறம் தூக்கிப் போட வந்த சேவேஜை ஸ்டீம்போட் அப்படியே சுருட்டி மடக்கிவிடுகிறார். மூன்று எண்ணி முடித்ததும் என் பையன் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். 1987இல் நடந்ததற்கு!

மற்ற மேட்ச்களைப் பற்றி எழுத அதிகமில்லை. குள்ளமான வீரர்களைக் கிங் காங் பண்டி என்ற பெருத்த ரெஸ்லரோடு ஒரே மேட்ச்சில் இறக்கிவிட்டு, கடைசியில் அவர்களில் ஒருவர் மேல் அந்த மனுஷன் விழுகிறாரே, அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நாம் அப்போது அதற்குக் கைதட்டினோம்.

சரி, ஆந்த்ரேக்கு வருகிறேன்.

நாம் அவரை எவ்வளவு வெறுத்தோம்! பதினைந்து வருஷமாக யாரிடமும் தோற்காதவர், ஹோகனின் கூட்டாளி, திடீரென்று வில்லன் மேனேஜர் பாபி ஹீனனோடு வந்து நின்று ஹோகனின் சட்டையையும் கழுத்துச் சிலுவையையும் பிய்த்து எறிந்தார். நீ அழுதாய், நானும் அழுதேன். ஆந்த்ரே தோற்றதே இல்லை, அவரை யாரும் தூக்கிப் போட்டதே இல்லை என்பதெல்லாம் கதைக்காகச் சொன்னது என்று பின்னால்தான் படித்தேன். 1980 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அப்போது ஹோகன் வில்லன், ஆந்த்ரே நாயகன். ஹார்லி ரேஸ் என்ற ரெஸ்லரும் தூக்கியிருக்கிறார். அது தெரிந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. ஏனென்றால் பான்டியாக்கில் தூக்கியதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது.

ஆந்த்ரேக்கு அக்ரோமெகலி. வளர்ச்சி ஹார்மோன் நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும் நோய். டிரம்ப் கார்டில் அவருடைய உயரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டோமே, அந்த உயரம் முழுக்க நோய்தான். 1986இல் அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. சில மாதம் கழித்து இந்த மேட்ச். அந்தக் கறுப்பு ஒற்றைத் தோள்பட்டை உடுப்புக்குள்ளே இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். முருகேசா, நீ இப்போது கட்டியிருக்கிறாயே, அதே மாதிரி.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் வேறு மாதிரி தெரிகிறது. ரிங் வெகு தூரத்தில் இருப்பதால் எல்லாரையும் ரிங் மாதிரியே செய்த ஒரு சின்ன வண்டியில் கொண்டு வருகிறார்கள். ஆந்த்ரே அதில் நின்றபடி வருகிறார். கூட்டத்திலிருந்து குப்பையை எறிகிறார்கள். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மேட்ச் தொடங்கியதும் ஹோகன் அவசரப்பட்டுத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை, ஆந்த்ரே அப்படியே அவர் மேல் சரிகிறார். ரெஃப்ரி ஜோயி மரெல்லா இரண்டு எண்ணுகிறார். (அவர் கமென்டரி சொன்ன கொரில்லா மான்சூனின் வளர்ப்பு மகன் என்பது எனக்கு வெகு நாள் தெரியாது.) அப்புறம் அந்த நீண்ட கரடிப்பிடி. "போர் அடிக்குது, ஓட்டுலே" என்று நீ ரிமோட்டைப் பிடுங்குவாய். போன சனிக்கிழமை நான் ஓட்டவில்லை. அந்தப் பிடியில்தான் அவரால் நின்றுகொண்டே மூச்சு வாங்க முடிந்திருக்கும் என்று தோன்றியது.

அப்புறம் அந்தத் தூக்கல். ஒருவரைத் தூக்கி மல்லாக்கப் போடுவது தூக்குகிறவரின் பலம் மட்டும் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. தூக்கப்படுகிறவர் தன் எடையைத் தானே சாய்த்துக் கொடுக்க வேண்டும், காற்றில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், விழும்போது முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் படுகிற மாதிரி விழ வேண்டும். அவர் மனசு வைக்காவிட்டால் 520 பவுண்டு என்று அறிவிக்கப்பட்ட ஓர் உடம்பை யாராலும் தூக்க முடியாது. ஆந்த்ரே தோற்க ஒத்துக்கொள்வாரா என்பது ரிங்குக்குள் போகும் வரை தனக்கே நிச்சயமில்லை என்று ஹோகன் பின்னாளில் சொன்னார். ஹோகன் சொன்ன கதைகளில் கூட்டிச் சொன்னது நிறைய உண்டு, எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை. ஆனால் படத்தில் இருப்பதற்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். ஆபரேஷன் செய்த முதுகு, நேராக அந்த முதுகின் மேலேயே விழுவதற்குத் தன்னைக் கொடுக்கிறார். நான் மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன். விழுந்த பிறகு அவர் கண் ஒரு நொடி மூடித் திறக்கிறது. அப்புறம் ஹோகன் குதித்துப் போடும் லெக் டிராப், அவர் கால் ஆந்த்ரேயின் மேல் இறங்குகிறது, ஒன், டூ, த்ரீ.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டு திண்ணைப் பக்கமாக உட்கார்ந்திருப்பாள். நாம் "போடு, போடு" என்று கத்திக்கொண்டிருந்தபோது உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஏல, அந்தப் பெரியவன் மூஞ்சியப் பாருங்கல. அவனுக்கு எங்கியோ நோவுது. நோவோட நிக்கான்." நாம் சிரித்தோம். "ஆச்சி, எல்லாம் நடிப்பு" என்று நீ சொன்னாய். ரெஸ்லிங் நிஜம் என்று ஊரெல்லாம் சண்டை போட்ட நீ, அன்றைக்கு ஆச்சியிடம் மட்டும் நடிப்பு என்றாய். அவளுக்கு ஹோகன் யார், சாம்பியன் பெல்ட் எதற்கு என்று எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்து நல்ல பிரிண்டில் நான் பார்த்ததை அவள் அந்தக் கோடு கோடான கேசட்டிலேயே பார்த்துவிட்டாள்.

1993 ஜனவரியில், அப்பாவின் இறுதிச் சடங்குக்காகப் போன இடத்தில், பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஆந்த்ரே தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 46. நம் வயசு, முருகேசா. சாம்பலை வட கரோலினாவில் எல்லர்பி என்ற ஊரில் இருந்த அவருடைய பண்ணையில் தூவினார்கள். சேவேஜ் 2011இல் கார் விபத்தில் போனார். ஹோகனுக்கும் முதுகில் பல ஆபரேஷன். ராத்திரிக்கு ராத்திரி குதித்து உட்கார்ந்த அந்த லெக் டிராப்தான் முதுகைக் கெடுத்தது என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பேசிய இனவெறிப் பேச்சு 2015இல் வெளியானபோது எனக்கு மனசு விட்டுப்போனது உனக்குத் தெரியும். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருந்தாலும் அவர் செத்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டும் உண்மை.

சில்வர்டோமும் இப்போது இல்லை. 2017 டிசம்பர் 3ஆம் தேதி வெடி வைத்தார்கள், மேல்தளம் விழாமல் அப்படியே நின்றது. மறுநாள் திரும்ப வைத்த பிறகுதான் சரிந்தது. அந்த வீடியோவைப் பார்த்தபோது முதல் தடவை ஹோகனால் தூக்க முடியாமல் போன ஆந்த்ரேதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

தை பிறந்ததும் இரண்டு நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் வருகிறேன். அல்வா கொண்டு வருகிறேன், உன் வீட்டில் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடாதே. லேப்டாப்பும் எடுத்து வருகிறேன். முதலில் சேவேஜும் ஸ்டீம்போட்டும், நீ கேட்டபடி. அப்புறம் நீ கட்டிலில் சாய்ந்துகொள், ஆந்த்ரே மேட்ச்சை ஓட்டாமல் பார்ப்போம்.

அதுவரை பெல்ட்டைக் கழற்றாதே, குனிந்து எதையும் எடுக்காதே. உன் தங்கச்சி மகனிடம் சொல்லிவை, பாளையங்கோட்டை மாமா வந்ததும் தூக்குவார் என்று.

உன்,
ராமசுப்பு